ஒண்டிக்கட்டை

மழை விட்ட வெள்ளிக்கிழமை.
ஹெலினாவில், ஆற்றங்கரை மேட்டுக்கு இந்தப் பக்கம்,
டயர் கடையாக இருந்து பார் ஆகிப்போன இடத்துக்குள்
டெமெட்ரியஸ் கில்லியம் ஒரு பெட்டியோடு நுழைகிறான்.

பெட்டிதான் முரசு.
ஒரே ஒருமுறை நெதர்லாந்து போய்வந்த பெட்டி.
விமான நிலையத்துச் சீட்டு இன்னும் கைப்பிடியில் ஆடுகிறது.
விழாக்காரர்கள் பாதிப் பணம்தான் தந்தார்கள்.

வலது கால் பெட்டியை உதைக்கும்.
இடது கால் ஜால்ராவை மிதிக்கும்.
கழுத்துக் கம்பியில் மவுத் ஆர்கன்.
மடியில் மூன்று தந்தி கிடார்,
தந்திமேல் வழுக்கிப் போக
சுண்டுவிரலில் பத்தொன்பதாம் நம்பர் சாக்கெட்.
பகலில் அதே சாக்கெட்டால்
பெட்ரோல் பங்க்குகளின் ஐஸ் மெஷின்களைக் கழற்றுகிறான்.

முன்பு நாலு பேர்.
டிரம்ஸ்காரன் கான்வேயில் கிடங்கு வேலைக்குப் போனான்.
பேஸ் வாசித்தவன் சபையில் டீக்கன் ஆனான்,
எதிரே வந்தால் கையை மட்டும் தூக்குகிறான்.
பாட வந்த ட்வைலா
வீடு வரைக்கும் வந்தாள்,
பிறகு வீட்டைவிட்டும் போனாள்.

இவனை ஒண்டிக்கட்டை என்று எழுதிவிட்டுக்
கை நிற்கிறது.
சுதியையும் கட்டைக் கணக்கில்தானே சொல்கிறோம்.
இவன் எத்தனை கட்டை?
மூலையில் பீர் ஃப்ரிட்ஜ் முனகுகிறது.
அதற்குக் காதைக் கொடுத்து
ஆணியைத் திருகுகிறான்.
அத்தனை கட்டை.

*தண்ணி ஏறி வந்துச்சு, என் வாசப்படிக்கே வந்துச்சு.*
*தண்ணி ஏறி வந்துச்சு, கேளு, என் வாசப்படிக்கே வந்துச்சு.*
*உள்ள வான்னு கூப்பிட்டேன், அதுக்கும் என் வீடு பிடிக்கல.*

முதல் தடவை சொன்னபோது கேட்டவர்கள் மூன்று பேர்.
இரண்டாம் தடவைக்கு ஐந்து.
மூன்றாவது வரியில்
சோயா மூட்டை ஏற்றும் ஒருவன்
சிரிப்பதற்கு வாயைத் திறந்து
அப்படியே வைத்திருந்தான்.

மார்ச்சிலிருந்து இடது பாதம் மரத்துக் கிடக்கிறது.
மிதித்தோமா என்று
காதால்தான் தெரிந்துகொள்கிறான்.
ஜால்ரா ஒரு இமைப்பொழுது பிந்துகிறது.
பெட்டி காத்திருக்கிறது,
தந்தி காத்திருக்கிறது,
கடைசி பஸ்ஸில் வருகிறவனுக்குச்
சோறு மூடிவைத்த வீடு மாதிரி.
அந்த இடைவெளிக்குள்
ஆர்லெட்டா ஒரு கிளாஸைத் துடைத்துக் கவிழ்த்துவிடுவாள்.

ஃபயட்வில்லிலிருந்து வந்த மாணவன், கோல்பி,
கைப்பேசியை நீட்டிக்கொண்டு கேட்கிறான்:
“அந்தத் தாமதம்! அற்புதம். எப்படிச் செய்றீங்க?”

“சர்க்கரை.”

“அது எந்தக் கம்பெனி பெடல்?”

கில்லியம் மவுத் ஆர்கனிலிருந்து எச்சிலைத் தட்டுகிறான்.
“குடும்பக் கம்பெனி, தம்பி.
எங்கம்மாகிட்ட இருந்துச்சு.
மாமா ஒருத்தர்கிட்ட இருந்துச்சு,
முழங்கால் வரைக்கும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு.”

பையன் அதையும் குறித்துக்கொண்டான்.
பாதி எழுதியபின்தான் அவன் விரல் நின்றது.
இருபது டாலரைப் போட்டுவிட்டு
முகத்தைப் பார்க்காமல் போனான்.

டப்பாவில் மொத்தம் ஐம்பத்தொன்று,
கார் கழுவும் கூப்பன் ஒன்று.

வாசலில் மறுபடி தூறல்.
பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைக்கிறான்.
கார் கத்துகிறது:
ஆள் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் போடு, பெல்ட் போடு.
முதல் வருஷம் திட்டினான்.
இப்போது சும்மா சாய்ந்து
பெட்டியின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டுகிறான்,
சீட்டு மாட்டிக்கொள்ளாமல் ஒதுக்கிவிட்டு.

ஆட்டோமேட்டிக் வண்டி, நல்லவேளை.
இடது காலுக்கு வேலை இல்லை.

செர்ரி தெரு முனையில் சிவப்பு விளக்கு.
சாலையில் வேறு யாரும் இல்லை, இருந்தாலும் நிற்கிறான்.
இண்டிகேட்டர் டிக், டிக் என்கிறது.
ரேடியோவைப் போடக் கை போய்
பாதியில் நிற்கிறது.

கீழே, இருட்டில்,
ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு இமைப்பொழுது கழித்து
ஷூ ஒன்று தரையைத் தொடுகிற சத்தம்.